ஜன்னலில் ஆள் நிற்கும்வரை

சரியாக ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்கியே தீருவது என்று ஸ்டாம்ப் அக்கா காலையிலேயே முடிவு செய்துவிட்டாள்.

பல்கலைக்கழக மாணவர் அலுவலகத்தின் ஒற்றை ஜன்னலுக்குள் பதினோரு வருடமாக உட்கார்ந்து முத்திரை குத்துகிறவள். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. வசந்த கால நிகழ்ச்சிகளுக்கு விண்ணப்பிக்க இன்று கடைசி நாள். அவளுக்கு டிரைவிங் டெஸ்ட்டும் இன்றுதான். ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும். ஏற்கெனவே மூன்று தடவை ஃபெயில். இதை விட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான்.

"எப்படியும் பஸ்லதான் திரும்பி வருவே, சில்லறை எடுத்துக்கோ" என்று வீட்டுக்காரர் காலையில் கிண்டலடித்திருந்தார். அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். லைசென்ஸை அவர் மூக்குக்கு நேரே நீட்டுகிற அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம்.

நாலே முக்காலுக்கு வரிசை காலியானது. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அந்தச் சுருட்டை முடிக்காரன் நிகழ்ச்சி நிரலைக் கையில் பிடித்தபடி ஜன்னலுக்கு வந்தான்.

"மேடம், இதைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்."

"எதுலப்பா சேரணும்?"

"அதைத்தான் முடிவு பண்ணணும்."

மொத்தம் பதினெட்டு நிகழ்ச்சிகள். முதலிலிருந்து ஆரம்பித்தான். மரம் நடும் நாளுக்கு மண்வெட்டியை அவர்களே தருவார்களா, மழை வந்தாலும் நடுவார்களா என்று கேட்டான். நடனப் பயிற்சிக்கு ஷூ கழற்ற வேண்டுமா, சாக்ஸையும் கழற்ற வேண்டுமா என்று கேட்டான். குறும்படப் போட்டியில் நாய் நடித்தால் நாய்க்கும் விண்ணப்பம் உண்டா என்று கேட்டபோது அவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

ஸ்டாம்ப் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். ஜன்னலில் ஆள் நிற்கும்போது ஷட்டரை இறக்கக் கூடாது என்பது அலுவலக விதி. போன வருடம் ஒருத்தன் பேசிக்கொண்டிருக்கும்போதே இறக்கிவிட்டு மெமோ வாங்கியவள் அவள்.

கடிகாரம் ஐந்தைத் தொட்டது.

"நேரமாயிடுச்சுப்பா. எல்லாம் அதுலயே போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா?"

"படிச்சேன் மேடம். நீங்க சொன்னாத்தான் நல்லாப் புரியுது" என்றவன் பக்கத்தைத் திருப்பினான்.

பட்டிமன்றத்துக்குப் போனான். வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனான். அங்கே டை கட்டுவது கட்டாயமா, கட்டத் தெரியாதவர்களுக்கு யாராவது கட்டிவிடுவார்களா என்று விசாரித்தான். நடுநடுவே தாழ்வாரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். எங்கேயோ நாலு பேர் ஒளிந்துகொண்டு சிரிக்கிறார்கள் என்று ஸ்டாம்ப் அக்காவுக்கு உறுதியாகிவிட்டது.

"பந்தயம் கட்டிட்டு வந்திருக்கியா? எனக்கும் வீடு, வாசல், வேலை எல்லாம் இருக்குப்பா."

அவன் முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கோங்க மேடம்" என்றான். ஆனால் நகரவில்லை. பதினாலாவது நிகழ்ச்சிக்குப் போனான்.

ஐந்து பதிமூன்றுக்குத் தாழ்வாரத்தில் தடதடவென்று சத்தம். ஆய்வகக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் ஓடி வந்தாள். சுருட்டை முடி நிகழ்ச்சி நிரலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"இதுல எதுவும் எனக்கு ஒத்துவராது போல மேடம். ரொம்ப தேங்க்ஸ்." வந்தவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விட்டான்.

வெளியே ஐந்தேகால் பஸ் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. ஸ்டாம்ப் அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருந்த, கடலில் மூன்று வாரம் சுற்றப்போகும் ஆய்வுக் கப்பலுக்கு விண்ணப்பம் கொண்டுவந்திருந்தாள். ஒரே ஓர் இடம். பேராசிரியர் கையெழுத்து இன்று காலையில்தான் கிடைத்ததாம். மத்தியானம் செய்முறைத் தேர்வில் மெஷின் பழுதாகி, அவள் குழுவை இப்போதுதான் வெளியே விட்டார்களாம்.

"மூடியிருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டேதான் மேடம் ஓடி வந்தேன். ரெண்டு வருஷமா இதுக்காகவே காத்துக்கிட்டிருக்கேன்."

ஷட்டர் இறங்கும்வரை வருவதை வாங்கியாக வேண்டும். ஸ்டாம்ப் அக்கா இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

"அந்தச் சுருட்டை முடிக்கு நன்றி சொல்லு. அவன் போட்ட அறுவையிலதான் இது திறந்திருந்துது. யாரு அவன்?"

"எங்க கிளாஸ்தான் மேடம். அதிகம் பேசினதில்ல. காலையில சார்கிட்ட நான் கையெழுத்து வாங்கும்போது பக்கத்துல நின்னான். அவன் குழுவுக்குத் தேர்வு நேத்தே முடிஞ்சிடுச்சு." சற்றுத் தயங்கிவிட்டு, "கப்பலுக்கு எத்தனை பேர் போட்டிருக்காங்க மேடம்?" என்று கேட்டாள்.

"ஒரே ஒருத்தர். தினமும் வாசல் போர்டுல எழுதிப் போடறேனே, பாக்கறதில்லையா? நீ வரலேன்னா நேர்காணலே கிடையாது, சீட்டு நேரா அந்த ஆளுக்குத்தான். இனிமே ரெண்டு பேரும் வரணும்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அடுத்த பஸ்ஸில் போய் டிரைவிங் டெஸ்ட் அதிகாரியிடம் கெஞ்சியாவது பார்த்துவிடுவது என்று ஸ்டாம்ப் அக்கா பையைத் தோளில் மாட்டினாள். புது விண்ணப்பத்தை வைக்க நின்றபடியே கப்பல் ஃபைலைத் திறந்தாள். முதல் விண்ணப்பம் போன வாரம் அவள் லீவில் இருந்தபோது வந்தது. எண்ணிக்கையைப் போர்டில் எழுதியதோடு சரி, இதுவரை அவள் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

மூலையில் ஒட்டியிருந்த படத்தில், பதினெட்டில் ஒன்றுகூடத் தனக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டுப் போன அந்தச் சுருட்டை முடிக்காரன்தான் இருந்தான்.