கடைசி இரண்டு வரிகள்

"இன்னும் ரெண்டு வரி சேத்து எழுதும்மா ஆர்த்தி. பாக்கறவன் பஸ்ஸு போனா போவட்டும்னு அங்கியே நின்னு அழுவணும்" என்றார் அரங்கநாதன்.

திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருப்பவர் அவர். காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள் எது வந்தாலும் அடிப்பார். ஆனால் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கண்ணீர் அஞ்சலி பேனர்தான். அதற்குக் காரணம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஆர்த்தி.

"செத்தது யாருண்ணா?"

"சின்ன வயசுப் பொண்ணாம். விழுப்புரம் கடைக்காரரு போன் பண்ணாரு. பேனரு அவங்க அடிச்சிக்குவாங்க, டிசைனும் கவிதையும் நம்மளுது. கவிதை புடிச்சாத்தான் பேரு, போட்டோல்லாம் குடுப்பாராம் அந்த அப்பங்காரரு."

"ஐயோ பாவம். எப்பிடிண்ணா செத்தா?"

"கேட்டா வாயவே தொறக்கலியாம். நீ ஜல்தி எழுது. சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா கட்டணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாராம்."

ஆர்த்தி இந்தக் கடைக்கு எழுத வந்தவள் இல்லை, வரைய வந்தவள். சின்ன வயதில் கையில் பென்சில் கிடைத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு. ஓவியப் போட்டியில் கோப்பை வாங்கிய அன்று அப்பா வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கே ஓடி வந்து, கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இங்கே வந்த புதிதில் பேனருக்குக் குத்துவிளக்கும் புறாவும் வரைந்துகொண்டிருந்தாள். ஒருமுறை ஒரு டீக்கடைக்காரர் படத்துக்குக் கீழே இடம் வெறிச்சென்று கிடக்கிறதே என்று, 'உங்கள் கையால் குடித்த டீ இன்னும் நெஞ்சில் சுடுகிறது' என்று எழுதிப் போட்டாள். தெருவே நின்று படித்தது. அடுத்து வந்தவர்கள் இரண்டு வரி கேட்டார்கள், அதற்கடுத்தவர்கள் நாலு வரி. விளக்கு சிறுத்தது, புறா பறந்தே போய்விட்டது.

இப்போது யாரும் சாகாத நாளிலும் எழுதாமல் அவளால் இருக்க முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழியும், இவள் வீணாய்ப்போன ஃப்ளெக்ஸ் துண்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருப்பாள். அத்தனையும் ஒரே ஆளுக்கு எழுதியது. அப்பாவுக்கு.

சந்தோஷைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் வந்த நாளிலிருந்து அப்பா பேசவில்லை. தினமும் போன் போடுவாள். மணி அடிக்கும், அடித்து ஓயும். இன்று காலையும் அதே கதைதான். வயிற்றில் பிள்ளை இருக்கிற சேதியைத் தன் வாயாலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தாள். பேரப்பிள்ளை என்று கேட்டால் எந்தக் கல்மனசும் கரையாதா என்ன?

"இன்னாம்மா யோசனை?"

"நான் செத்துட்டா எங்கப்பா இன்னா சொல்லுவாருன்னு யோசிக்கறேண்ணா."

"தூ! வயித்துல புள்ளைய வெச்சிக்கினு பேசற பேச்சா இது? வாயக் கழுவு மொதல்ல!"

ஆர்த்தி சிரிக்கவில்லை. மடமடவென்று தட்டினாள்.

*வாசலில் உன் செருப்பு காய்கிறது*
*உன் தட்டு கழுவி வைத்தபடியே இருக்கிறது*
*இன்னும் ஒரே ஒரு முறை கூப்பிடு மகளே*
*இந்த முறை அப்பா எடுத்துவிடுகிறேன்*

அரங்கநாதன் படித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "எங்கேர்ந்தும்மா வருது உனக்கு இதெல்லாம்?" என்று கேட்டபடியே விழுப்புரத்துக்கு அனுப்பினார்.

எழுதியது அவளையே என்னமோ செய்தது. மனசு கேட்காமல் மறுபடி அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது போன். சரி, பேசி முடித்ததும் நம் நம்பரைப் பார்ப்பார், இன்றைக்காவது மனசு இளகாதா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அரங்கநாதனின் போன் அடித்தது. பேசிவிட்டுத் திரும்பியவர் முகம் சுருங்கியிருந்தது.

"ஒரே பேஜாராப் போச்சும்மா. கவிதைய அந்த ஆளுக்குப் போன்லயே படிச்சிக் காட்னாங்களாம். மொத ரெண்டு வரி இருக்கட்டும், கடைசி ரெண்டு வரி வேணான்ட்டாராம்."

"அண்ணா! அந்த ரெண்டு வரிதாண்ணா கவிதையே!"

"செத்தவ எப்பிடிய்யா கூப்புடுவான்னு கத்துனாராம். நமக்கு இன்னா, எடுத்துடு."

முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக ஆர்த்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செத்த பிறகுமா ஒரு அப்பனுக்குக் கோபம் தீராது? அடப்பாவி மனுஷா! துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு வரிகளையும் அழித்தாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தது போல இருந்தது.

"போட்டோ வந்துடுச்சி, அனுப்பியிருக்கேன் பாரு" என்றார் அரங்கநாதன். "சின்னதுல எடுத்தது ஒண்ணுதான் இருக்காம். அவ தோள்மேல ஒரு கை கெடக்குமாம். அத்த மட்டும் சுத்தமா வெட்டி எடுத்துடணும்னு சொல்லியிருக்காரு."

ஆர்த்தி படத்தைத் திறந்தாள். இரட்டைச் சடை, பள்ளிச் சீருடை, பல் தெரியச் சிரிப்பு, நெஞ்சோடு அணைத்துப் பிடித்த ஓவியப் போட்டிக் கோப்பை.

தோள்மேல் கிடந்த கையை அவளுக்குத் தெரியும். அது அவளுடைய அப்பாவின் கை.