ஸ்டார்ட் ஆகாத கார்

"வண்டி ஸ்டார்ட் ஆவலப்பா. நா இன்னா பண்ணட்டும்?"

வெங்கடேசன் கையை விரித்தார். மறியலுக்கு ஆள் ஏற்றிப்போக கார் கேட்டு வந்த பசங்களில் ஒருவன் சாவியை வாங்கித் திருகிப் பார்த்தான். வண்டி கர்கர்ரென்று இருமியதோடு சரி.

"கார் இருந்து இன்னா புண்ணியம், மனசு இல்லியே" என்று காதுபடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அது எண்பத்தேழு. இடஒதுக்கீடு கேட்டு வாரம் முழுக்க மறியல் என்று அறிவித்திருந்த நேரம். காலையில் போலீஸ்காரர் பந்தோபஸ்துக்குக் கேட்டு வந்தபோதும் இதே கர்கர்தான். வடக்கனந்தலில் அந்தத் தெருவுக்கே ஒரே கார். அதுவும் யாராவது கேட்டு வந்தால் மட்டும் படுத்துவிடுகிறது. ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

வெங்கடேசன் மனைவி அமிர்தத்துக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பயம். எதிர்வீட்டு இருசம்மாளுக்கு இதுதான் மாசம். போன தடவை பஸ் வராமல் பிள்ளை தங்கவில்லை. தாய் வீடோ மலைமேல் கரியாலூரில். மறியலில் மலையிலிருந்து யார் இறங்கி வர முடியும்?

"இந்தத் தபா எங்க கார்ல கூட்டினு போறேன். கவலப்படாத" என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியமே செய்திருந்தாள் அமிர்தம்.

"மெக்கானிக்கக் கூப்புடுங்க."

"ரோட்டையே மூடப் போறாங்க, எவன் வருவான்?" பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை வெங்கடேசன்.

"அப்ப நானே பாக்குறேன்."

"நீயா? கொழம்புல உப்பு கம்மியான்னு பாக்குற மாதிரியா?"

அது போதாதா? அடுத்த பஸ்ஸிலேயே கள்ளக்குறிச்சி போய் இறங்கினாள்.

மோட்டார் சாமான் கடை கலீலுல்லா, முள் வைத்த மீட்டர் ஒன்றையும் ஒயரில் கோத்த சின்ன பல்பு ஒன்றையும் எடுத்து வைத்தார்.

"மீட்டரே எடுத்துக்கோங்கம்மா. எவ்ளோ கரண்ட்டு வருதுன்னு கரெக்டா காட்டும்."

"எவ்ளோ வந்தா சரின்னு எனக்குத் தெரியாதே பாய். இது இன்னா?"

"டெஸ்ட் லேம்ப்பு. கரண்ட்டு வந்தா எரியும், வரலன்னா எரியாது. அவ்ளோதான்."

"உண்டா இல்லியான்னு தெரிஞ்சா போதும் எனக்கு. இதக் குடுங்க. வாசல்ல நிக்கிற ஜீப்புல ஒரு தபா வெச்சிக் காட்டிடுங்க."

மறுநாள் ரோடெல்லாம் புளியமரம் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வெங்கடேசன் கழனிக்குப் போனதும் அமிர்தம் பானெட்டைத் தூக்கினாள். கிளிப்பை இரும்பில் மாட்டி, ஊசி முனையால் பேட்டரியைத் தொட்டாள். பல்பு எரிந்தது. சாவியைப் போட்டுவிட்டு, பாய் ஜீப்பில் காட்டித் தந்த காயிலைத் தொட்டாள். அங்கேயும் எரிந்தது. இதற்கு மேல் தடி ஒயர்கள் போகும் கறுப்பு மூடிதான் பாக்கி. சாவியை எடுத்துவிட்டு அதைக் கழற்றினாள்.

உள்ளே மொட்டையாக ஒரு தண்டு. அதன்மேல் உட்கார்ந்து சுற்றி கரண்ட்டைப் பிரித்துவிடுகிற ரோட்டரைக் காணோம்! அவர் துடைத்து மாட்டுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். தானாக இறங்கி நடந்து போகுமா அது?

"அடப்பாவி மனுசா! கழட்டி வெச்சிக்கினா ஊர ஏமாத்தினே?"

சாயங்காலம் வெங்கடேசன் உள்ளே நுழைந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் இருசம்மாள் புருசன் சின்னதுரை ஓடிவந்தான்.

"அண்ணி, வலி எடுத்துடுச்சி!"

அமிர்தம் புருசனை முறைத்தாள். அவர் வேட்டி மடிப்பிலிருந்து ரோட்டரை எடுத்தார், மாட்டினார், மூடியைப் போட்டார், சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே வண்டி உறுமியது.

பின்கதவைத் திறந்த அமிர்தம் அப்படியே நின்றுவிட்டாள். சீட்டில் துவைத்த பழஞ்சேலைகள் விரித்திருந்தன. கீழே பிளாஸ்க், தண்ணீர்க் குடம். முன்னால் பெட்ரோல் முள் முழு டேங்க் காட்டியது.

"இதெல்லாம் எப்பங்க பண்ணீங்க?"

"நீ எப்ப அந்தப் பொண்ணு தலைல கைய வெச்சியோ அப்பவே. வண்டிய ஆளுக்கு ஆள் எடுத்துனு போயிருந்தா இப்ப இங்க நிக்குமா? ஏறுமே!"

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"உனக்குத்தான் பொய்யே வராதே!"

ஊர் எல்லையில் முதல் மரம். அங்கே நின்றவர்களும் கார் கேட்டு வந்த அதே பசங்கதான்.

"யோவ், ஓடாதுன்ன வண்டி எப்டியா ஓடுது?"

வெங்கடேசனுக்கு வேர்த்துவிட்டது. அமிர்தம் ஜன்னல் வழியாக டெஸ்ட் லேம்ப்பை நீட்டினாள்.

"கள்ளக்குறிச்சி போயி இத வாங்கியாந்து நாந்தாம்பா கண்டுபுடிச்சேன். உள்ள பொம்பள துடிக்கிறா, மரத்தத் தூக்குங்க!"

எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், அத்தனை கையும் சேர்ந்து மரத்தைப் புரட்டியது. ஒருவன் சைக்கிளில் முன்னால் பறந்தான். "வழி வுடு, வழி வுடு! பிரசவ கேசு!" மரத்துக்கு மரம் வழி திறந்துகொண்டே போனது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருசம்மாள் மகள் போட்ட முதல் சத்தம் வாசல்வரை கேட்டது. சின்னதுரை வெங்கடேசனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான்.

ஊர் திரும்பி வெங்கடேசன் கால் கழுவி வருவதற்குள் போலீஸ்காரர் வாசலில் நின்றார்.

"வண்டி சரியாயிடுச்சாமே! பந்தோபஸ்துக்கு வேணும்."

வெங்கடேசன் திருதிருவென்று விழித்தார். சந்தோஷத்தில் ரோட்டரைக் கழற்ற மறந்துவிட்டாரே!

"தாராளமா எடுத்துக்கினு போங்க சார்" என்று சாவியை நீட்டினாள் அமிர்தம்.

போலீஸ்காரர் திருகினார். கர்கர். மறுபடி கர்கர். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

"ஏமே, எப்டி?" வெங்கடேசன் வாயைப் பிளந்தார்.

அமிர்தம் முந்தானை முடிச்சைத் தட்டிக் காட்டினாள்.

"மேலத்தெரு பச்சையம்மாளுக்கும் இதான் மாசங்க."