மடையடித் தண்ணீர்

சித்திரை வெயிலில் கண்மாய் சுருங்கி, மடையடிப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அதிலிருந்த மீனெல்லாம் எனக்குச் சொந்தம். ஊர் ஏலத்தில் சோணைமுத்துவைத் தோற்கடித்து எடுத்தது. விடிந்தால் வலை போட வேண்டும். பொழுது சாயும் நேரம் நாயோடு கரையைச் சுற்றி வந்தேன். தாகத்தில் நாக்கு தொங்க வந்த பிச்சி, தண்ணீரைக் கண்டதும் சங்கிலியை இழுத்தது.

பள்ளத்தோரம் குத்தவைத்திருந்த சோணைமுத்து எழுந்து வழி மறித்தான். ஏலத்துக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாதவன்.

“நாயைத் தண்ணிக்கு விடாதே.”

“ஏன், கண்மாயை ஒங்கப்பனா வெட்டுனான்?”

“சொன்னாக் கேளு. வீட்டுல கொண்டுபோயித் தண்ணி வையி.”

“ஏலம் எடுத்தவன் நானு. நீ யார்ரா சொல்ல?”

 அவன் வழி விடாமல் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். மணிக்கட்டு வரை வெள்ளையாய் ஏதோ காய்ந்திருந்தது. வழி விடாத அந்தத் திமிருக்காகவே சங்கிலியைக் கழற்றினேன்.

பிச்சி பாய்ந்தது. அவனும் கரையில் கிடந்த குச்சியை எடுத்துக்கொண்டு ஓடி, முழங்கால் தண்ணீரில் இறங்கி, அதன் முகத்தில் அடித்தான். அது விலகி விலகிக் குடித்தது. நான் கல்லெடுத்து எறிந்தேன். நெற்றியில் ரத்தம் வழிய, “நாயைத் தூக்குய்யா, தூக்கு!” என்று கத்தினான். 

அவன் காலடியில் ஒரு கெண்டை மல்லாந்தது. அப்புறம் இன்னொன்று. அவன் மிதித்த சகதியிலிருந்து வெட்டுப்பட்ட கள்ளித்துண்டுகள் பால் கசிய மிதந்து வந்தன.

பிச்சி கரையேறி வந்து, நனைந்த வாயால் என் கையை நக்கியது.