கருகிய சர்க்கரை வாசனை

"அடுத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைக்காதேன்னு நூறு தடவை சொல்லியாச்சு. நீ நிஜமாவே நுழைச்சுட்டு வந்து நிக்கிறே."

மருத்துவமனையின் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் பொரிந்து தள்ளினார். எதிரே ஈரக் கையை மேலங்கியில் துடைத்தபடி நின்றாள் சலவைக்காரி. கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மூக்கம்மா. எந்தத் துணியில் எந்த மருந்து கொட்டியது என்பதை முகர்ந்தே சொல்லிவிடுவாள்.

"அந்தக் குழந்தை பொறந்து நாலு நாள்தான் ஆச்சுங்க. அதோட துணியில சர்க்கரைப் பாகு கருகின வாசனை வருது. அம்மாக்காரிகிட்ட சொன்னேன், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அந்தப் பொண்ணு அழுது வார்டையே கூட்டிடுச்சு. எனக்கு சோப்பு வாசனையைத் தவிர ஒண்ணும் வரலை. வா, ஆராய்ச்சியம்மாகிட்டயே கேட்டுடுவோம். அவங்க மட்டும் ஒண்ணுமில்லைன்னு சொல்லட்டும், இன்னையோட உன் சீட்டு கிழிஞ்சுது."

மூன்றாம் மாடியில் ஆராய்ச்சிக்கூடம். பெற்றோர் வழியாகக் குழந்தைகளுக்கு வரும் நோய்களிலேயே முப்பது வருடங்களைக் கரைத்தவர் ஆராய்ச்சியம்மா. தாய்ப்பாலின் சத்தே உடம்பில் விஷமாகச் சேர்ந்து, சிறுநீரில் கருகிய சர்க்கரை வாசனை வீசும் நோய் ஒன்று உண்டு. அதை ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்க இங்கே வழி செய்தவர் அவர்தான்.

"சர்க்கரைப் பாகு கருகின வாசனைங்க" என்று மூக்கம்மா துணியை நீட்டினாள். அவர் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இதைப் போய்ச் சொல்லணும்னு ஏம்மா தோணிச்சு?"

"ரெண்டு வருஷம் முன்னாடி இதே பொண்ணுக்கு மூத்த குழந்தை இங்கதான் பொறந்தது. அதோட துணியிலயும் இதே வாசனைங்க. நமக்கெதுக்கு வம்புன்னு வாயை மூடிக்கிட்டேன். பத்தாம் நாள் அது போயிடுச்சு. அன்னையிலேர்ந்து சாமி முன்னாடி நிக்கவே கூசுது."

ஆராய்ச்சியம்மா தொலைபேசியை எடுத்தார். "அந்தக் குழந்தைக்கு உடனே ரத்தம் எடுத்து அனுப்புங்க. முடிவு வர்ற வரைக்கும் பால் வேண்டாம். குளுக்கோஸ் ஏத்துங்க."

படியிறங்கும்போது மேற்பார்வையாளர், "ஆராய்ச்சியம்மா மூக்கு தப்பு சொல்லாது" என்று முணுமுணுத்தார்.

மறுநாள் மதியம் ஆராய்ச்சியம்மாவே மூன்று மாடி இறங்கிச் சலவை அறைக்கு வந்தார்.

"அதே நோய்தான். நல்ல நேரத்துல பிடிச்சுட்டோம். தனிப் பால், ஆயுசுக்கும் பத்தியம். ஆனா ஓடி விளையாடும்."

மூக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க மோந்து பாத்ததால ஆச்சுங்க. இல்லைன்னா என் பேச்சை யார் நம்புவா?"

"பின்னே?" என்று மேற்பார்வையாளரும் தலையாட்டினார்.

ஆராய்ச்சியம்மா ஒரு துணிமூட்டையின் மேல் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழு வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட எனக்கு வாசனையே தெரியாமப் போச்சும்மா. முப்பது வருஷமா இந்த நோயைப் பத்தி எழுதிக்கிட்டிருக்கேன். அந்த வாசனை எப்படித்தான் இருக்கும்னு கொஞ்சம் சொல்லேன்."