நல்ல காரியம் முடியட்டும்

ஒரு குடும்பக் காரின் முன்சக்கரத்தில் பிரேக் டிஸ்க்கும் பேடும் ஆறு வருடமாகச் சேர்ந்திருந்தன. பேட் இறுக்கிப் பிடித்தால்தான் டிஸ்க் நிற்கும், காரும் நிற்கும்.

ஒருநாள் பேட் கிறீச்சிட்டது. "அண்ணே, நான் தேஞ்சுட்டேன். சத்தம் போட்டாத்தான் வீட்டுக்காரங்களுக்குத் தெரியும்."

"இப்ப வேணாம்டா," என்றது டிஸ்க். "நம்ம வீட்டுப் பொண்ணுக்கு வளைகாப்பு வச்சிருக்காங்க. நல்ல காரியம் முடியட்டும்."

பேட் வாயை மூடிக்கொண்டது. வளைகாப்பு முடிந்தது. குழந்தை பிறந்தது. பேர் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் டிஸ்க் அதையேதான் சொன்னது. கடைசியில் பேட் முழுசாகத் தேய்ந்து, அதன் இரும்புத் தகடு டிஸ்க்கையே வரிவரியாக அறுத்தது. அப்போதும் டிஸ்க் பல்லைக் கடித்துக்கொண்டது.

ஒரு காலையில் கார் நிற்காமல் போய் வீட்டு கேட்டில் இடித்தது. உள்ளே குழந்தை பயந்து வீறிட்டது.

மெக்கானிக் தாவூத் சக்கரத்தைக் கழற்றினார். "முன்னாடியே சத்தம் கேட்டிருந்தா பேடை மட்டும் மாத்தியிருக்கலாம்மா. இப்ப ரெண்டும் போச்சு. ரெண்டையும் புதுசாவே போட்டுடறேன்."

"சீக்கிரம் குடுங்க பாய், நாளைக்குப் புள்ளைக்குக் காது குத்து," என்றாள் அந்தப் பெண்.

பேட் குப்பைக்குப் போனது. டிஸ்க் பட்டறை வாசலில் பழைய இரும்போடு கிடந்தது. கார் கிளம்பும்போது புதுப் பேட் லேசாகக் கிறீச்சிட்டது.

"உஷ்," என்றது புது டிஸ்க். "காது குத்து முடியட்டும்."

'அதைக் கத்தவிடு' என்று கூவப் பார்த்தது பழைய டிஸ்க். உரச அதன் பழைய பேட் பக்கத்தில் இல்லாமல் அதற்குச் சத்தமே வரவில்லை.