கேவானுக்குப் பிடிக்காத சர்க்கரை

அம்மா சர்க்கரைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து ஜலீலின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வட ஈரானின் ரஷ்த் ஊரில், அதுவும் எங்கள் வீட்டில், ஃபெசென்ஜானுக்குப் பக்கத்தில் சர்க்கரையா?

அரைத்த வால்நட்டிலும் சுண்டக் காய்ச்சிய மாதுளைச் சாற்றிலும் வாத்துக்கறி வெந்து, கருகருவென்று இறங்குகிற குழம்பு அது. நிறம் ஏறுவதற்காகப் பழுக்கக் காய்ச்சிய குதிரை லாடத்தை அதற்குள் போடுவாள் அம்மா. வாயில் வைத்தால் பல் கூச வேண்டும். இஸ்ஃபஹான்காரர்கள் அதிலும் சர்க்கரையைக் கொட்டுவார்கள். கேட்டாலே எங்களுக்குக் குமட்டும்.

ஆனால் ஜலீல் இஸ்ஃபஹான்காரன். விருந்தாளி. அதற்கும் மேலே, நல்ல செய்தி கொண்டுவந்தவன்.

போர் முடிந்து இப்போதுதான் கைதிகளை விடுகிறார்கள். ஈராக் முகாமில் என் அண்ணன் கேவானும் இவனும் ஒரே கொட்டடி. கேவானை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள், நன்றாக இருக்கிறான், அடுத்து வரும் பேருந்துகளில் வந்துவிடுவான் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டான். அம்மா அழுதாள், சிரித்தாள், மழையென்றும் பாராமல் வாத்து வாங்க ஓடினாள்.

குழம்பு கொதிக்கிற நேரமெல்லாம் அவன் முகாம் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பசி தாங்காதபோது வாயாலேயே சமைப்பார்களாம். தப்ரீஸ்காரன் ஒருவன் கீரைக் குழம்பில் காராமணி போடுவான், தெஹ்ரான்காரன் ராஜ்மாதான் என்று மல்லுக்கு நிற்பான். கேவான் வால்நட் உடைப்பதிலிருந்து தொடங்குவான். லாடம் உள்ளே விழுந்து 'சொர்' என்று சத்தம் வருகிற இடத்தில் எல்லோரும் எச்சில் விழுங்குவார்களாம்.

அந்த நேரம் பார்த்து இவன், "இப்ப சர்க்கரை போடு" என்பானாம். கேவானுக்கு ரத்தம் கொதிக்கும். அன்று முழுக்க இவனோடு பேசமாட்டான். எத்தனை திட்டினாலும் இவனும் ஒரு நாள்கூட விட்டுக்கொடுத்ததில்லையாம்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம்தான் எழுந்துபோய் அந்தக் கிண்ணத்தை எடுத்துவந்தாள்.

"போட்டுக்கோப்பா" என்றாள்.

வேண்டாம் என்று நெஞ்சில் கை வைத்தான் ஜலீல். இரண்டாவது முறையும் சொன்னாள், மறுத்தான். அது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். விருந்தாளி இரண்டு முறை மறுப்பான், மூன்றாவது முறை வெட்கப்பட்டுக்கொண்டே எடுத்துக்கொள்வான்.

அம்மா மூன்றாவது முறையும் கிண்ணத்தை நகர்த்தினாள்.

அவன் சோற்றில் குழம்பை ஊற்றி ஒரு வாய் சாப்பிட்டான். மென்றுகொண்டே இருந்தான்.

"வேணாம்மா. கேவான் சொன்னதுதான் சரி. இது புளிப்பாத்தான் இருக்கணும்."

எனக்கு ஒரே குஷி. அண்ணன் வரட்டும், இஸ்ஃபஹான் தோற்றுப்போன கதையை முதல் வேலையாக அவனிடம் சொல்கிறேன் என்று சீண்டினேன். ஜலீல் தலை நிமிரவில்லை. நான்தான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை வலுத்தது.

கேவானுக்கென்று ஆசையாக அவள் எடுத்து வைத்திருந்த நாலாவது தட்டு, தரையில் விரித்த சாப்பாட்டு விரிப்பின் ஓரத்தில் காலியாக இருந்தது. அதை எடுத்து என் தட்டுக்கு அடியில் செருகினாள். எனக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை.

பிறகு கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி சர்க்கரையை அள்ளி, ஜலீலின் குழம்பில் தானே தூவினாள்.

"சாப்பிடுப்பா. அவன் உயிரோட இருந்தா நீ விட்டுக்கொடுத்திருக்க மாட்ட."

ஜலீல் குனிந்த தலையோடு அந்தச் சர்க்கரையைச் சோற்றில் கலந்து சாப்பிட்டான்.