கடைசித் தாள்

"கருப்பாயி, எந்திரி. எல்லாரும் உன் கையைப் பாக்கட்டும்," என்றார் வீரமுத்து.

குலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தட்டுத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மாரியம்மன் கோயில் பூசையும் அவருடையதே. ஞாயிறு மதியம் லயத்து வீடுகளுக்கு முன்னால் மரத்தடியில் அவர் புத்தகம் வாசித்தால் தோட்டமே வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

இதுவரை புராணம்தான். இப்போதுதான் முதல் தடவையாக ஒரு துப்பறியும் நாவல். ஜமீன்தாரைக் கொன்றது யார் என்று ஐந்து வாரமாகப் ரப்பர்ப் பால் வெட்டும் இடத்தில்கூட அதே பேச்சு. இன்று பார்த்தால், கொலைகாரன் பெயர் வரவேண்டிய கடைசித் தாளைக் காணோம்! அதற்குப் பின்னாலிருந்த லேகிய விளம்பரங்கள் எப்போதோ போய்விட்டன. அவற்றை யார் தேடினார்கள்?

ஐந்து வாரம் துப்பறிவாளரோடு பழகிய மனிதர் சும்மா இருப்பாரா?

"புத்தகம் கோயில் பெட்டியில இருந்துச்சு. கோயிலைக் கூட்டுறது யாரு?"

"நான்தாங்க சாமி."

"போன ஞாயிறு கதை கேக்க ஏன் வரல?"

"பிள்ளைக்குக் காய்ச்சலுங்க."

"விரல்ல வெத்தலைக் கறை. பாக்கு மடிக்கத்தானே கிழிச்சே?"

அங்கே எல்லார் விரலிலும் கறைதான். யாரும் அதைச் சொல்லவில்லை.

"அலமாக், இவளா!" என்று மலாய்க்காரர் மாதிரி அதிர்ந்தாள் வெள்ளையம்மா.

"இனிமே கோயில் துடைப்பத்தை இவ தொடக்கூடாது," என்றார் கங்காணி சின்னத்தம்பி.

புருஷனை இழந்தவளுக்குத் தோட்டத்தில் இருந்த மரியாதையே அந்தத் துடைப்பம்தான். கருப்பாயி வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனாள். வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு மடித்த காகிதத்தோடு திரும்பினாள்.

"என் வீட்டுல இருக்கிற தாளே இது ஒண்ணுதான் சாமி. இதுவான்னு பாருங்க. எனக்கு எழுத்துத் தெரியாது."

வீரமுத்து பிரித்தார். 'கொலைகாரன் வேறு யாருமல்ல' என்று ஆரம்பித்தது முதல் வரி.

"அகப்பட்டுக்கிட்டா திருடி!" என்று கூட்டம் கத்தியது.

வீரமுத்து மேலே வாசிக்கவில்லை. மடிப்பைப் பார்த்தார். விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியைப் பார்த்தார். அவமானத்தில் காது மடல் சுட்டது. அப்படியே எழுந்து எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

"இதை யாருடி கிழிச்சா? சொல்லு!" என்று அதட்டினார் கங்காணி.

கருப்பாயி தலையைத் தூக்கவே இல்லை.

"பிள்ளைக்குத் திருநீறு கேட்டப்போ சாமிதாங்க இதுல மடிச்சுக் குடுத்தாங்க."